ஆற்றுக் கல்லையும் ஃபுளோரைட்டையும் ஒரே டிரம்மில் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சத்தியவேடு பக்கம் குடியிருக்கிறீர்கள். உங்கள் மகள் ஆரணி ஆற்றிலும் மலையடிவாரத்திலும் கூழாங்கல் பொறுக்கி வருகிறாள். அவளுக்காக ஒன்றரைக் கிலோ பிடிக்கிற சின்ன உருட்டு மெஷின் ஒன்றும், ஆன்லைனில் மென்மையான ரத்தினக் கற்கள் என்று ஒரு கலவைப் பையும் வாங்கினீர்கள். ஃபுளோரைட், கால்சைட், சோடலைட், நீல டர்க்வாய்ஸ் அதில் இருந்தன. சொந்தக்காரர் ஒருவர் புலிவெந்துலா பக்கமிருந்து கொண்டுவந்த பச்சைக் கல்லும் கைவசம் இருக்கிறது. பையில் வந்ததை ஆற்றுக் கல்லோடு சேர்த்துப் போட்டு மூன்று வாரம் ஓட்டியதில் ஃபுளோரைட் பாதி கரைந்துவிட்டது, மற்றதெல்லாம் மங்கலாக நிற்கிறது. இன்னும் விலை கூடிய மெஷின் வாங்கினால் சரியாகுமா என்று கேட்கிறீர்கள். மெஷினுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, எந்தக் கல் எதோடு சேரும், எது டிரம் பக்கமே போகக் கூடாது என்பது. மெருகு வருவதும் வராததும் கல்லைப் பிரிப்பதிலும் கழுவுவதிலும் இருக்கிறது.

நான் நிலவியல் படித்தவன். நகரியில் கல் பட்டை தீட்டும் சின்னப் பட்டறை வைத்துப் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். நீங்கள் போட்ட படங்களை வைத்து ஓரளவுதான் சொல்ல முடியும். கல்லைக் கையில் எடுத்து, கீறிப் பார்த்து, கனம் பார்க்காமல் பெயர் சொல்வது யூகம். எது உறுதி, எது யூகம் என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் ஆற்றுக் குவார்ட்ஸும் குவார்ட்சைட்டும் 7. சோடலைட் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில். ஃபுளோரைட் 4, கால்சைட் 3. எண்ணைப் பார்த்தால் நாலு படி வித்தியாசம்தானே என்று தோன்றும். அந்தப் படிகள் சம இடைவெளி கொண்டவை அல்ல. 3க்கும் 7க்கும் நடுவே உள்ள தேய்மான வித்தியாசம் பல மடங்கு. டிரம் சுற்றும்போது கற்கள் சுவரோடு ஒட்டி மேலேறி, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இறங்குகின்றன. அப்போது நடுவில் சிக்குகிற சிலிகான் கார்பைடு என்ற தேய்ப்புத் தூள்தான் தேய்க்கிறது. அதன் கடினம் 9க்கும் மேல். குவார்ட்சைட்டின் முனை மழுங்குவதற்கு ஒரு வாரம் ஆகிறது என்றால் அந்த ஒரு வாரத்தில் கால்சைட் உருத்தெரியாமல் போய்விடும்.

ஃபுளோரைட்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அது நாலு திசையில் பிளவுபடும் கனிமம், கால்சைட் மூன்று திசையில். தேய்வதற்கு முன்னாலேயே ஒரு தட்டில் தகடு தகடாகப் பிளக்கும். உங்கள் படத்தில் ஃபுளோரைட் துண்டின் ஓரத்தில் பளிச்சென்று தட்டையான முகங்கள் தெரிகின்றன பாருங்கள், அது தேய்மானம் இல்லை, ஆற்றுக் கல் மோதி உடைந்த இடம். உடைந்த அந்தச் சின்னச் சில்லுகள் டிரம்மிலேயே சுற்றிக்கொண்டிருந்து மற்றக் கற்களைக் கீறியிருக்கும். மங்கலாக நிற்கிறது என்று சொன்னீர்களே, அதில் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, ஒரு கட்டத்துத் தூள் சரியாகக் கழுவப்படாமல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது யூகம்தான், ஆனால் தொடங்குகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

எனவே முதல் வேலை, எல்லாக் கல்லையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் பிரிப்பது. மகளையும் கூட உட்கார வையுங்கள், அவளுக்கு இது பிடிக்கும். பழைய செம்புக் கம்பி ஒரு துண்டு, பேனாக் கத்தி ஒன்று, உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று (ஓரத்துக்கு டேப் ஒட்டிவிடுங்கள்) இருந்தால் போதும். செம்புக் கம்பி கீறினால் கடினம் ஏறத்தாழ 3, அதாவது கால்சைட், சுண்ணாம்புக் கல் வகை. கத்தி கீறினால் ஐந்தரைக்குக் கீழே. ஃபுளோரைட், சர்ப்பென்டைன் என்ற பச்சைக் கல் எல்லாம் அங்கே வரும். கத்திக்கு மசியாமல் கண்ணாடியை ஆழமாகக் கீறுகிறதா, அது 7 பக்கம். கீறிய கோட்டை ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். சில நேரம் கல் கீறப்படாமல், கத்தியின் இரும்புதான் கல்மேல் சாம்பல் கோடாக ஒட்டியிருக்கும், துடைத்தால் போய்விடும். சுண்ணாம்பு வகையா என்று சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பொடியாக்கி அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைக்கும். வீட்டுச் சமையல் மேடை கடப்பாக் கல்லாக இருந்தால் எலுமிச்சை நறுக்கிய இடத்தில் மேடை வெளுத்து மங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான், புளிப்பு பட்டால் மெருகு போய்விடும். கால்சைட்டில் மெருகேற்றிய பிறகும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

உங்கள் ஊர்க் கற்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருக்கும் இடம் சாதாரண இடம் இல்லை. சத்தியவேடு மலைகளில் இருப்பது கூழாங்கல் பாறை. எப்போதோ ஆறு உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் உருண்டைகள் மண்ணோடு இறுகிப் பாறையாகி, இப்போது மறுபடியும் கழன்று ஓடைகளில் விழுகின்றன. எங்கள் நகரி மலையும் குவார்ட்சைட்தான். தேன் நிறம், பழுப்பு, இளஞ்சிவப்பு என்று வரும். இயற்கையே பாதி உருட்டிவைத்த கல் என்பதால் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. காசும் கிடையாது. மணிமணியாகத் தெரியாமல் நெருக்கமாக, வழவழப்பாக இருப்பதை மட்டும் எடுங்கள். மணல் மணலாகத் தெரிகிற குவார்ட்சைட் எவ்வளவு ஓட்டினாலும் கண்ணாடி மெருகு ஏறாது, பட்டு மாதிரி ஒரு மினுமினுப்போடு நின்றுவிடும். வெள்ளை வெங்கச்சங்கல் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் உள்ளே மெல்லிய விரிசல்கள் நிறைய, அதில் தூள் புகுந்துகொண்டு கடைசிவரை தொல்லை கொடுக்கும். தண்ணீரில் நனைத்து, வெயிலில் காயும்போது பாருங்கள். கல் காய்ந்த பிறகும் ஈரக்கோடு நிற்கிற இடமெல்லாம் விரிசல். அந்தக் கல்லை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து மகளுக்கும் சொல்லுங்கள். அதே குவார்ட்சைட் உருண்டைகளைக் கொண்டுதான் இந்தப் பகுதியில் பழைய கற்கால மனிதர்கள் கருவி செய்தார்கள். நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் ஒரு கருவியைக் கண்டெடுத்தார். அதே வருடம் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் நிறையக் கண்டார்கள். கொசஸ்தலை ஆற்றோரம் இருக்கும் அந்த இடம் உங்கள் ஊரிலிருந்து தூரம் இல்லை. அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு செய்த ஆய்வில் கீழடுக்குக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியானது. அதனால் உங்கள் ஓடையில் ஒரு முனை கூராகவும் மறுமுனை அகன்றும், இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்க்கப்பட்ட கல் கையில் பட்டால் அதை டிரம்மில் போட்டுவிடாதீர்கள். இருந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். உருட்டினால் இரண்டே நாளில் அந்த வெட்டுத் தழும்புகள் எல்லாம் போய்விடும், திரும்ப வராது. பூண்டியில் இதற்கென்றே ஓர் அகழ்வைப்பகம் இருக்கிறது. ஒரு முறை மகளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டால் அப்புறம் அவள் கண்ணே அடையாளம் கண்டுகொள்ளும்.

சரி, பிரித்தாயிற்று. 7 கடினமுள்ள கற்களை மட்டும் முதல் ஓட்டத்துக்கு எடுங்கள். பெரிசும் சிறிசும் கலந்து, டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல் நிற்க வேண்டும். பாதி மட்டும் இருந்தால் கற்கள் சரியாமல் விழும், விழுந்தால் முனை பெயரும். கற்களின் மேல்வரிசை லேசாக வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர். முதல் கட்டத்தில் 60/90 சிலிகான் கார்பைடு (எண் கூடக் கூடத் தூள் நைசாகும்), கிலோவுக்கு 3 அல்லது 4 மேசைக்கரண்டி, ஒரு வாரம். ஏழு நாள் முடிந்தும் பள்ளமும் முனையும் இருந்தால் புதுத் தூள் போட்டு இன்னொரு வாரம் ஓட்டுங்கள், அடுத்த கட்டம் அதைச் சரிசெய்யாது. பிறகு 120/220 ஒரு வாரம், 500 ஒரு வாரம், கடைசியாக மெருகுக்கு அலுமினியம் ஆக்சைடு ஒரு வாரம். சிலிகான் கார்பைடு தூளுக்குப் பதிலாக ஆற்று மணல் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். மணல் குவார்ட்ஸ், கல்லும் குவார்ட்ஸ். மணல் மழுங்குவதுதான் மிச்சம். நடுவில் கரண்ட் போனால் பயப்படத் தேவையில்லை, வந்ததும் டிரம்மைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மாட்டுங்கள், அடியில் படிந்த சேறு கலைந்துவிடும். தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள், சில நேரம் உள்ளே காற்று சேர்ந்து மூடியைத் தள்ளும்.

கழுவுவதை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 60 நம்பர் தூளில் ஒரே ஒரு துகள் மெருகுக் கட்டத்துக்குள் வந்தாலும் அந்த வாரம் முழுக்க அது கோடு போட்டுக்கொண்டே இருக்கும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் பள்ளம் இருக்கிறதே, அங்கே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நரநரவென்று படும். பழைய பல் துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்து எடுங்கள். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பிரஷ் போடுங்கள். அப்புறம் துணி சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுத் தண்ணீரோடு இரண்டு, மூன்று மணி நேரம் சும்மா ஓட்டிக் கழுவிவிட்டு அடுத்த தூளைப் போடுங்கள். கழுவிய சேற்றுத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. குழாய் வளைவில் படிந்து இறுகிவிட்டால் குழாயை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வாளியில் ஒரு ராத்திரி வைத்து, மேலே தெளிந்ததை வெளியே கொட்டிவிட்டு, அடிச்சேற்றை ஈரமாகவே கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஈரமாகவே என்று சொல்வது சும்மா இல்லை. குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்து இல்லை. குஜராத்தில் கம்பாத் என்று ஓர் ஊர், அகேட் மணிகளுக்குப் பெயர் போனது. அங்கே மெஷின் வருவதற்கு முன்னால் மணிகளையும் தூளையும் தண்ணீரோடு தோல் பையில் கட்டி, இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டுவார்கள். நீங்கள் வாங்கியிருக்கும் மெஷினின் வேலையை மனிதர்கள் அப்படிக் கையால் செய்தார்கள். அதே ஊரில் கல்லை உலர்வாகச் சாணை பிடித்தவர்கள் பலர் சிலிகோசிஸ் வந்து இளம் வயதிலேயே இறந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும். உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறாள். கல்லை உலர்வாக அரைக்க வேண்டாம், சுத்தியால் உடைத்தால் ஈரச் சாக்குக்குள் வைத்து உடையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தரையில் சிந்தி உலர்ந்த சேற்றைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இதே காரணத்தால் அந்தப் புலிவெந்துலாப் பச்சைக் கல்லை நான் தொட வேண்டாம் என்கிறேன். படத்தில் சர்ப்பென்டைன் மாதிரி தெரிகிறது. உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கடப்பா ஜில்லாவில் புலிவெந்துலாப் பகுதியில் சர்ப்பென்டைனோடு சேர்ந்தே கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், கிடைக்கிறது என்பது உறுதி. கல்லில் நூல் நூலாகப் பட்டுப் போன்ற கோடுகள் இருந்தால் அறவே வேண்டாம். தெரியாவிட்டாலும் வேண்டாம். அறுப்பது, தேய்ப்பது, உருட்டுவது எதுவும் செய்யாமல் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்து அலமாரியில் அழகு பார்க்கலாம்.

இனி மென்மையான கற்கள். சோடலைட்டைச் சோடலைட்டோடு மட்டும் உருட்டலாம். 60/90 வேண்டாம், 120/220இல் தொடங்கி நாலு நாளில் திறந்து பாருங்கள். போடும் சரக்கில் பாதி கல், மீதி பிளாஸ்டிக் குருணை என்று இருந்தால் மோதல் குறையும். தண்ணீரில் சர்க்கரை கொஞ்சம் கரைத்துச் சேற்றை மோர்க்குழம்பு பதத்துக்குக் கொண்டுவருவது பலரும் செய்கிற வழி, எனக்கும் பலித்திருக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் புளித்துக் காற்று கட்டும், தினமும் திறக்க மறக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் குருணை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டத்தில் போட்டது அடுத்ததற்கு ஆகாது.

டர்க்வாய்ஸ் என்று வந்ததை முதலில் சோதியுங்கள். அசல் டர்க்வாய்ஸ் விலை அதிகம். மலிவுப் பைகளில் பெரும்பாலும் சாயம் ஏற்றிய ஹவ்லைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கற்கள்தான் வரும். பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நீலமானால் சாயம், உருட்டினால் நிறமெல்லாம் சேற்றோடு போய்விடும். நிறம் வராவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிட முடியாது, பிசின் ஏற்றிய சாயம் சுலபத்தில் வராது.

ஃபுளோரைட்டும் கால்சைட்டும் கையால் செய்ய வேண்டியவை என்பது என் முடிவு. டிரம்மில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அழகாகவும் செய்கிறார்கள், ஆனால் தொடங்குகிறவருக்குப் பத்துக் கல்லில் ஏழு பாழாகும் வேலை அது. கையால் என்றால் செலவு மிகக் குறைவு. புத்தூரிலோ ஊத்துக்கோட்டையிலோ ஹார்டுவேர் கடையில், காருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் வாங்குகிற வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். மரத்துக்குப் போடும் சாதா உப்புத்தாள் ஆகாது, நனைந்தால் பிய்ந்துவிடும். 220, 400, 600, 1000, 2000 என்று ஐந்து தாள் போதும். தட்டையான கண்ணாடிப் பலகைமேல் தாளை நனைத்துப் பரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கல்லைத் தேய்க்க வேண்டும். ஒரு தாளில் இடம் வலமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் மேலும் கீழுமாகத் தேயுங்கள். முந்தைய தாளின் கோடுகள் குறுக்கே நிற்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அவை முழுக்கப் போகும்வரை அடுத்த தாளை எடுக்க வேண்டாம். தாள் மாற்றும்போது கல், கை, கண்ணாடி மூன்றையும் கழுவுங்கள். ஃபுளோரைட் சூட்டுக்கு வெடிக்கும், அதனால் மோட்டாரில் சுற்றும் மெருகுச் சக்கரத்தில் பிடிக்காதீர்கள், வெந்நீரில் கழுவாதீர்கள்.

2000 முடிந்ததும் பழைய ஜீன்ஸ் துணியையோ தோல் துண்டையோ பலகைமேல் இறுக்கி ஒட்டி, நனைத்து, அலுமினியம் ஆக்சைடோ சீரியம் ஆக்சைடோ கொஞ்சம் குழைத்துத் தடவித் தேயுங்கள். கண்ணாடி மெருகு போடுகிறவர்கள் பயன்படுத்துகிற அதே சீரியம் ஆக்சைடுதான். மொசைக் தரைக்காரர்கள் போடும் ஆக்ஸாலிக் ஆசிட் கால்சைட்டில் சீக்கிரம் மெருகு ஏற்றும் என்று யாராவது சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் அது விஷம், குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மெருகு ஏறிவிட்டதா என்பதை ஈரக் கல்லில் பார்க்காதீர்கள், ஈரத்தில் எந்தக் கல்லும் மினுங்கும். நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். கல்லில் விழும் வெளிச்சக் கோட்டின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் முடிந்தது. ஓரம் பஞ்சுபோல் கலைந்து தெரிந்தால் ஒரு தாள் பின்னால் போக வேண்டும்.

மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்து வைத்திருப்பது அதிர்வு வகை. அது கல்லை உருட்டாமல் குலுக்குகிறது, அதனால் உருவம் அதிகம் மாறாது, மென்மையான கல்லுக்கு மோதல் குறைவு, வாரக்கணக்கு நாள்கணக்காகக் குறையும். ஆனால் முனையுள்ள கல்லை அது உருண்டையாக்காது, அதற்குச் சுற்றும் டிரம்தான் வேண்டும். தண்ணீர் சீக்கிரம் வற்றும் என்பதால் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சத்தமும் இருக்கும். ஆகவே இப்போது வாங்க வேண்டாம். கையில் உள்ள டிரம்மில் சத்தியவேட்டுக் குவார்ட்சைட்டை மட்டும் நாலு கட்டமும் முழுசாக ஓட்டுங்கள். அது முடியும்போது மகளின் ஆர்வம் சோடலைட், அமேசனைட் மாதிரிக் கற்களின் பக்கம் திரும்பியிருந்தால் அப்போது அதிர்வு மெஷினை யோசிக்கலாம். ஃபுளோரைட்டுக்கு அதுவரை வாட்டர் பேப்பரே போதும்.